ஹிட் வராத பெயர்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்

சென்னையில் மெடிக்கல் பில்லிங், கிரெடென்ஷியலிங் பக்கம் வேலை பார்ப்பவர்களிடம் எக்ஸ்க்ளூஷன் ஸ்க்ரீனிங் என்று சொன்னால், "அதான் மாசாமாசம் ஒரு ஃபைலை ஓட்டி ரிப்போர்ட் அனுப்புவீங்களே, அதுல என்ன இருக்கு?" என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அமெரிக்க மருத்துவமனைகளுக்கும் நர்ஸிங் ஹோம்களுக்கும் இந்த வேலையைச் செய்துதரும் ஒரு டீமில் பல வருஷமாக இருக்கிறேன், டூல் எழுதுவதிலும் வரும் ஹிட்டுகளை, அதாவது விலக்கப்பட்டவர்கள் பட்டியலோடு பொருந்துவதாக டூல் காட்டும் பெயர்களை, பார்த்து முடிவு சொல்வதிலும் கை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லச் சில விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன.

முதலில் இது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெடிகேர், மெடிகெய்டு என்பவை அங்கே அரசுப் பணத்தில் ஓடும் மருத்துவத் திட்டங்கள். அதில் மோசடி செய்து தண்டனை பெற்றவர்கள், நோயாளியைக் கொடுமைப்படுத்தியவர்கள், போதை மருந்து வழக்கில் மாட்டியவர்கள், லைசென்ஸ் பறிபோனவர்கள் இவர்களையெல்லாம் சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம், அதாவது ஓஐஜி, விலக்கி வைக்கும். இந்த அதிகாரம் 1977 சட்டத்திருத்தத்திலிருந்து வருகிறது, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1128-ஆம் பிரிவில் இருக்கிறது. திட்டத்தோடு தொடர்புடைய குற்றத்தில் தண்டனை என்றால் குறைந்தது 5 வருஷம் வெளியே. இவர்களின் பெயர்கள்தான் எல்இஐஇ என்ற பட்டியலில் இருக்கின்றன, இப்போதைக்குச் சுமார் 80,000 வரிகள். கிளையண்ட் அனுப்பும் ஊழியர் ஃபைலை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எக்ஸ்க்ளூஷன் ஸ்க்ரீனிங். டாக்டர்கள்தான் நிறைய இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு திறந்தால் ஏமாற்றம்தான், பக்கம் பக்கமாக நர்ஸ்களும் நர்ஸ் உதவியாளர்களும்தான் இருப்பார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்படி விலக்கப்பட்ட ஒருவர் செய்த வேலைக்கோ எழுதிய மருந்துச் சீட்டுக்கோ அரசுத் திட்டம் பணம் தராது. மருந்துக்கடைக்காரர் ஒழுங்கானவர்தான், ஆனால் சீட்டு எழுதிய டாக்டர் பட்டியலில் இருக்கிறார் என்றால் அந்த க்ளெய்மும் போச்சு. 2013 மே மாதம் ஓஐஜி வெளியிட்ட சிறப்பு அறிவிப்பு இதைத் தெளிவாக விரித்துச் சொல்கிறது: நோயாளியைத் தொடுகிறவர் மட்டுமில்லை, நிர்வாகம், பில்லிங், ஐடி, போக்குவரத்து என்று அந்தப் பணத்திலிருந்து சம்பளம் போகிற எல்லாரும் இதில் அடக்கம். தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ அப்படிப்பட்டவரை வேலைக்கு வைத்தால் ஒவ்வொரு க்ளெய்முக்கும் 20,000 டாலருக்கு மேல் அபராதம், அதோடு க்ளெய்ம் தொகைக்கு மூன்று மடங்கு வரை. "தெரிந்திருக்க வேண்டிய" என்ற இடத்தில்தான் நம் வேலை உட்கார்ந்திருக்கிறது. பட்டியல் இலவசம், எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது, அப்புறம் தெரியாது என்று யாரிடம் சொல்வது?

மாதாமாதம் பார்க்க வேண்டும் என்று மருத்துவமனைகள் மேல் நேரடியாக ஒரு கூட்டாட்சிச் சட்டம் கிடையாது. பட்டியல் மாதம் ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது, அதனால் மாதம் ஒருமுறை பார்ப்பதுதான் புத்திசாலித்தனம் என்று ஓஐஜி சொல்கிறது. மாநில மெடிகெய்டு அலுவலகங்களுக்கு மட்டும் மாதாந்திரச் சோதனை விதியிலேயே இருக்கிறது, பல மாநிலங்கள் அதை அப்படியே மருத்துவமனைகள் தலையிலும் ஏற்றிவிடுகின்றன. எப்படியோ, கிளையண்ட் எல்லாரும் மாதாமாதம்தான் கேட்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலையில் எல்லாரும் புலம்புவது பொய் ஹிட்டுகளைப் பற்றித்தான். மரியா கார்சியா என்று ஒரு பெயரைப் போட்டால் ஒரு கூட்டமே வந்து நிற்கும், நுயென் என்று போட்டால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. டூல் விற்கிற கம்பெனிகளும் "எங்களிடம் பொய் ஹிட் குறைவு" என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். பொய் ஹிட் எரிச்சலைத் தரும், அவ்வளவுதான், அது கண் முன்னால் நிற்கிறது, ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்தால் தீர்ந்துவிடும். பட்டியலில் இருக்கிற ஒருவர் நம் ஃபைலிலும் இருந்து, டூல் அதைப் பார்க்காமல் பச்சைக் குறி போட்டுவிட்டால் அதைப் பற்றி யாருக்கும் எந்தச் செய்தியும் வராது. ரிப்போர்ட் அழகாகப் போகும், கிளையண்ட் நன்றி சொல்வார். என் அனுபவத்தில் அப்படி நழுவுகிறவர்கள் நழுவுவதற்குக் காரணம் பெரும்பாலும் அல்காரிதம் இல்லை, நாம் அதற்குக் கொடுத்த டேட்டா.

உதாரணத்துக்குப் பிறந்த தேதி. அமெரிக்க ஃபைலில் மாதம் முன்னால், நாள் பின்னால். நம் ஊர் லேப்டாப்பில் தேதி அமைப்பு இந்திய முறையில் இருக்கும். கிளையண்ட் அனுப்பிய சிஎஸ்வியை யாராவது "சும்மா ஒருமுறை பார்த்துக்கறேன்" என்று எக்செலில் டபுள் கிளிக் செய்து திறந்து சேவ் செய்துவிட்டால் போதும், 03/07/1978 என்ற மார்ச் 7 ஜூலை 3 ஆகிவிடும். 03/25/1978 மட்டும் தேதியாகவே மாறாமல் எழுத்தாக நிற்கும், ஏனென்றால் 25-ஆவது மாதம் கிடையாது. பார்க்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, சில செல் இடது பக்கமும் சில செல் வலது பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். எல்இஐஇ ஃபைலில் தேதி வருஷம், மாதம், நாள் என்று எட்டு இலக்கமாக ஒட்டி இருக்கும், 19780307 என்று. நம்மிடம் இருப்பது 19780703. அந்த ஆள் இனி ஒருநாளும் மாட்ட மாட்டார். நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் பக்கத்து ஜிப் கோடுகளின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எக்செல் விழுங்குவதும் இதே கதைதான்.

அதனால் எங்கள் டீமில் ஒரு கண்டிப்பான பழக்கம்: வந்த ஃபைலை யாரும் எக்செலில் திறக்கக் கூடாது. பைத்தானில் படிக்கும்போது எல்லா நெடுவரிசைகளையும் எழுத்தாகவே படி, எண்ணாகவோ தேதியாகவோ எதையும் தானாக மாற்ற விடாதே. 12-க்கு மேல் போகிற எண் எந்த இடத்தில் வருகிறது என்று தேதி நெடுவரிசை முழுவதையும் எண்ணிப் பார், அதிலேயே மாதம் எது நாள் எது என்று தெரிந்துவிடும். இரண்டு இடத்திலும் 12-க்கு மேல் வந்தால் அந்த ஃபைலைத் திருப்பி அனுப்பு, சமாளிக்கப் பார்க்காதே.

என்பிஐ எண்ணில், அதாவது அமெரிக்காவில் மருத்துவச் சேவை தருபவர்களுக்கான அடையாள எண்ணில், இன்னொரு வேடிக்கை உண்டு. எல்இஐஇ-யில் என்பிஐ தெரியாதவர்களுக்குப் பத்துப் பூஜ்யம் போட்டிருப்பார்கள். பழைய வரிகளில் பெரும்பாலும் அப்படித்தான். கிளையண்ட் ஃபைலிலும் யாரோ காலி இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பி வைத்திருந்தால், என்பிஐ வைத்து இரண்டையும் இணைத்த உடனே பூஜ்யமும் பூஜ்யமும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் ஹிட் கொட்டும். இது பயமுறுத்தினாலும் ஆபத்தில்லாத வகை, உடனே கண்ணில் படுகிறது. ஒரு இலக்கம் மாறிப்போன என்பிஐதான் ஆபத்து. என்பிஐயின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், முன்னால் 80840 சேர்த்து கிரெடிட் கார்டு எண்ணுக்குப் போடுகிற அதே லூன் கணக்கைப் போட்டால் தப்பானது தெரிந்துவிடும். நாலு வரி கோடுதான், ஆனால் இதைச் செய்யாத டூல்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அதற்காக என்பிஐயை மட்டும் நம்பியும் இருக்க முடியாது, வார்டில் வேலை செய்கிற நர்ஸ் உதவியாளர்களில் பெரும்பாலோருக்கு என்பிஐ இருக்காது. பட்டியலில் அதிகம் இருப்பதும் அவர்கள்தான்.

பெயர்களுக்கு வருவோம். இங்கேதான் நமக்குக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருக்கிறது. பில் என்பவர் வில்லியம், பாப் என்பவர் ராபர்ட் என்பது சினிமா பார்த்தாவது தெரிந்திருக்கும். பெக்கி என்பவர் மார்கரெட் என்று நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்? டூலுக்கும் சொல்லித் தந்தால்தான் தெரியும், பெக்கிக்கும் மார்கரெட்டுக்கும் எழுத்து ஒற்றுமை வைத்து எந்தக் கணக்குப் போட்டாலும் மதிப்பெண் தரையில்தான் இருக்கும். செல்லப்பெயர் அட்டவணை ஒன்று கட்டாயம் வேண்டும். உச்சரிப்பை வைத்துப் பெயர் பொருத்தும் சவுண்டெக்ஸ் இருக்கிறதே என்பார்கள். அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும், அதனால் சி-யில் ஆரம்பிக்கும் கேத்தரினும் கே-யில் ஆரம்பிக்கும் கேத்தரினும் அதற்கு வேறு வேறு ஆள். நம் இளங்கோவை ஆங்கிலத்தில் ஒருவர் E போட்டு எழுதுவார், இன்னொருவர் I போட்டு எழுதுவார், அங்கேயும் கோட்டை விட்டுவிடும்.

நம் ஆட்களின் பெயர்கள் அந்த ஊர் கட்டங்களுக்குள் போய்ப் படும் பாடு தனி. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் கேட்டாள், "அக்கா, இந்த ஆஸ்பத்திரியில ஃப்னு, ஃப்னுன்னு நிறைய டாக்டர் இருக்காங்களே, இது எந்த நாட்டுப் பேரு?" அது பெயர் இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், இருக்கிற ஒரே பெயரை அமெரிக்க விசாவில் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு முதல் பெயருக்கு 'தெரியவில்லை' என்று சுருக்கமாக எஃப்என்யு போடுவார்கள். அது அப்படியே ஆஸ்பத்திரி எச்ஆர் வரை போய்விடும். பின்னாளில் அதே டாக்டர் அப்பா பெயரைச் சேர்த்துக்கொண்டு லைசென்ஸ் வாங்கியிருப்பார், அந்தப் பெயர் வேறு. எங்கள் கோடில் எஃப்என்யு என்று வந்தால் முதல் பெயர் காலி என்றே எடுத்துக்கொள்வோம். அப்புறம் பெயரின் துண்டுகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் பொருத்திப் பார்ப்போம். எழுத்து ஒற்றுமை பார்க்கும் ஜாரோ-விங்க்லர் மாதிரியான முறைகள் பெயரின் ஆரம்பத்துக்குக் கூடுதல் மதிப்பெண் தரும், இனிஷியல் முன்னால் நிற்கும் பெயர்களுக்கு அது சரிப்படாது.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை கல்யாணம். நர்ஸிங்கில் பெண்கள்தான் பெரும்பான்மை, கல்யாணத்திலும் விவாகரத்திலும் குடும்பப் பெயர் மாறும், மறுபடியும் மாறும். பட்டியலில் இருப்பது பழைய பெயர், வேலைக்கு விண்ணப்பித்தது புதுப் பெயர். எழுத்து ஒற்றுமை பார்க்கும் எந்த டூலாலும் இதைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் ஒற்றுமையே இல்லை. முந்தைய பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள், இரட்டைப் பெயர் என்றால் ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாகத் தேடுங்கள் என்று ஓஐஜியே சொல்கிறது. கிளையண்ட் முந்தைய பெயரைத் தந்தால்தானே!

அதற்கு நாங்கள் வைத்திருக்கும் வழி பிறந்த தேதிதான். குடும்பப் பெயரை முழுசாக மறந்துவிட்டு, பிறந்த தேதி அப்படியே பொருந்தி, முதல் பெயர் ஓரளவு பொருந்தினால் பார்வைக்கு எடு. இப்படிச் செய்தால் ஹிட் கொட்டித் தீர்த்துவிடும் என்று பயப்படுவார்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். 80,000 பேர், அறுபது வருஷத்தில் பிறந்தவர்கள் என்று வைத்துக்கொண்டால் சுமார் 22,000 தேதிகள், ஆக ஒரு தேதிக்குச் சராசரியாக நாலு பேர்கூட வராது. அந்த நாலு பேரில் முதல் பெயரும் ஒத்துப்போகிறவர் அபூர்வம். பெரிய ஆஸ்பத்திரி ஃபைலுக்கே மேசைக்கு வருவது ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்து முடிக்கிற அளவுதான்.

அப்படி வந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நர்ஸிங் ஹோமில் சேர்ந்து சில மாதமான ஒரு நர்ஸ். பிறந்த தேதியும் முதல் பெயரும் ஒன்று, குடும்பப் பெயர் சம்பந்தமே இல்லை, பட்டியலில் இருந்த முகவரி வேறு மாநிலம், விலக்கிய காரணம் 1128பி4, அதாவது லைசென்ஸ் நடவடிக்கை. அதற்கு முன் அந்த இடத்துக்கு வேறொரு கம்பெனி ஓட்டிய ரிப்போர்ட்டில் அவர் சுத்தம். நாங்கள் கேட்டதும் அங்கே எச்ஆரில் "பேரே வேறயாச்சே" என்றார்கள். நாங்கள் நர்ஸிஸில் பார்த்தோம். நர்ஸ் லைசென்ஸ்களுக்கான தேசியத் தரவுத்தளம் அது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பட்டியலில் இருந்த பெயரில் அந்த மாநிலத்தில் லைசென்ஸ் ரத்தாகியிருந்தது. கிளையண்டிடம் ஒன்றே ஒன்று கேட்டோம்: ஓஐஜி தளத்தில் அந்தப் பழைய பெயரைத் தேடி, சரிபார்ப்பு இணைப்பை அழுத்தி, உங்களிடம் இருக்கும் அவருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணை, நம் ஆதார் மாதிரியான அடையாள எண்ணை, போட்டுப் பாருங்கள். பொருந்துகிறது என்று வந்துவிட்டது.

அப்புறம் வழக்கறிஞர்கள் வந்தார்கள், ஓஐஜியிடம் தாங்களாகவே சொல்லும் நடைமுறைக்குப் போனார்கள். நர்ஸின் வேலைக்குத் தனியாக பில் போவதில்லை, நாள் வாடகையில் அடங்கிவிடும், அப்போது தொகையை எப்படிக் கணக்கிடுவது என்று நிறையப் பேருக்குத் தெரியாது. அவர் இருந்த காலத்துச் சம்பளம், சலுகைகள் எல்லாவற்றையும் கூட்டி, அந்த இடத்தின் வருமானத்தில் அரசுத் திட்டங்களின் பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தால் பெருக்குவார்கள், தானாகச் சொன்னவர்களுக்குப் பொதுவாக அதன்மேல் குறைந்தபட்சம் 1.5 மடங்கு. மாதம் தள்ளிப்போகப் போகத் தொகை ஏறும் என்பது இதிலிருந்து புரியும்.

சோஷியல் செக்யூரிட்டி எண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டவுன்லோடு ஃபைலில் அந்த எண் இருக்காது, தளத்தில் ஒவ்வொருவராகப் போட்டுத்தான் பார்க்க முடியும். அதை நம் பக்கம் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். எண்ணைப் போடுவது கிளையண்ட் வேலை, தேதி நேரத்தோடு அந்தப் பக்கத்தை பிடிஎஃப் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், போதும். புதிதாக வருகிறவர்கள் பெயர் நூறு சதவீதம் பொருந்தியதைப் பார்த்ததும் "மேட்ச்னு மார்க் பண்ணிடட்டுமா அக்கா?" என்பார்கள். பெயர் மட்டும் பொருந்தினால் அது மேட்ச் இல்லை, ஒருத்தரின் வேலை போகிற விஷயம். நாம் எழுதுவது 'சாத்தியம், சரிபார்க்கவும்' என்று மட்டும்தான். இப்போது சில டூல்கள் ஏஐ ஸ்கோர் என்று 87, 92 என்று எண் காட்டுகின்றன. எந்த நெடுவரிசை பொருந்தியது, எது பொருந்தவில்லை என்று காட்டாத எண்ணை வைத்துக்கொண்டு ஆடிட்டர் முன்னால் என்ன பேசுவது?

எல்இஐஇ மட்டும் பார்த்தால் போதாது. அமெரிக்க மத்திய அரசின் சாம் தளத்தில் எல்லாத் துறைகளும் விலக்கியவர்கள் இருப்பார்கள், 2012-க்கு முன் இபிஎல்எஸ் என்று இருந்தது. அதில் தனிநபர், நிறுவனம் மட்டுமில்லை, கப்பல்கள்கூட உண்டு, வகையைப் பிரிக்காமல் விட்டால் ஒரு நர்ஸின் பெயருக்குக் கப்பல் ஹிட்டாக வந்து நிற்கும். மாநிலப் பட்டியல்கள்தான் உண்மையான தலைவலி. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வடிவம், சிலது எக்செல், சிலது பிடிஎஃப், பிறந்த தேதி பெரும்பாலும் இருக்காது. நீளமான பெயர் பிடிஎஃப்பில் அடுத்த வரிக்கு மடங்கினால் ஒருவர் இரண்டு பேராகிவிடுவார், இரண்டுமே யாரோடும் பொருந்தாது. தலைவலி என்பதற்காக விட்டுவிட முடியாது, மாநிலத்தில் லைசென்ஸோ மெடிகெய்டோ பறிபோய், அது ஓஐஜி பட்டியலில் ஏற மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில் மாநிலப் பட்டியல் ஒன்றுதான் துணை.

ஓட்டம் சரியாக நடந்ததா என்று தெரிந்துகொள்ள எங்களிடம் இருக்கும் ஒரே நம்பகமான வழி விதைப் பெயர்கள். ஒவ்வொரு மாதமும் கிளையண்ட் ஃபைலோடு பட்டியலில் உண்மையிலேயே இருக்கும் சிலரை ரகசியமாகச் சேர்த்துவிடுவோம்: ஒருவரை அப்படியே, ஒருவரைச் செல்லப்பெயரோடு, ஒருவரைக் குடும்பப் பெயர் மாற்றி, ஒருவரை எஃப்என்யு ஆக்கி. இவர்கள் எல்லாரும் வெளியே வரவில்லை என்றால் அந்த மாத ஓட்டம் செல்லாது, ரிப்போர்ட் போகாது. கூடவே வரிகளின் எண்ணிக்கை. போன மாதத்தைவிடப் பட்டியல் திடீரென்று ஆயிரக்கணக்கில் குறைந்திருந்தால் டவுன்லோடு பாதியில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம், டூல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. டூல் வாங்கப் போகிறவர்களும் டெமோவில் இந்த விதைப் பெயர்களை எடுத்துப் போய்ப் போட்டுப் பாருங்கள், விற்பனைப் பேச்சு பாதியிலேயே சுருங்கிவிடும்.

ஃபைலைச் சேமிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். எல்இஐஇ டவுன்லோடில் இன்றைய தேதிக்கு விலக்கில் இருப்பவர்கள் மட்டும்தான் இருப்பார்கள், திரும்பச் சேர்க்கப்பட்டவர் அதிலிருந்து காணாமல் போய்விடுவார். இரண்டு வருஷம் கழித்து ஒரு ஆடிட்டர் "அந்த மார்ச்சில் இவர் பட்டியலில் இருந்தாரா?" என்று கேட்டால், அந்த மார்ச் ஃபைல் நம்மிடம் இருந்தால்தான் பதில். அதனால் ஒவ்வொரு மாத ஃபைலையும் தொடாமல், இறக்கிய தேதியோடு, பின்னால் யாராவது மாற்றினால் தெரியும்படி ஹாஷ் போட்டு வைத்துவிடுவோம். திரும்பச் சேர்ப்பது என்றதும் இன்னொன்று: 5 வருஷம் முடிந்த அன்றே பெயர் தானாக நீங்காது, அவர் விண்ணப்பித்து, ஓஐஜி எழுத்தில் சம்மதித்தால்தான். காலம் முடிய 90 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். "லைசென்ஸ் திரும்பக் கிடைச்சிடுச்சு, அஞ்சு வருஷமும் முடிஞ்சிடுச்சு, எடுத்துக்கலாமா?" என்று கிளையண்ட் கேட்டால், லைசென்ஸ் வேறு விலக்கு வேறு, ஓஐஜி கடிதத்தின் நகலை வாங்கி எங்களுக்கு அனுப்புங்கள், அதுவரை எங்கள் ரிப்போர்ட்டில் அவர் சிவப்பில்தான் இருப்பார் என்று பதில் போடுங்கள்.